கல்லை வளர்த்தல்

செல்லப் பிராணி வளர்க்கும் கிரகஸ்தர்களுக்கு அந்தந்தப் பிராணியிடமிருந்து ஏதேனும் ஒரு பிரதிபலன் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாய் வளர்ப்பவன், வீடு திரும்புகிற அந்த ஒரு நிமிஷமாவது, உலகமே தன் வரவுக்காகக் காத்திருந்தது என்ற பிரமையை அனுபவிக்கிறான். பூனை வளர்ப்பவன், தான் எஜமானன் அல்லன், குடியிருக்க அனுமதிக்கப்பட்டவன் என்ற ஞானத்தையாவது அடைகிறான். கிளி வளர்ப்பவனுக்குத் தன் வாயிலிருந்து உதிர்ந்த வசவுகளையே விருந்தினர் முன்னிலையில் திரும்பக் கேட்கும் பாக்கியம் வாய்க்கிறது. தங்கமீன் வளர்ப்பவனைக் கண்டால் அந்த மீன், தீனியின் பொருட்டேயாயினும், கண்ணாடி ஓரத்துக்கு ஓடி வருகிறது. இவற்றில் ஒன்றுமே கிட்டாது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாததும், தடவிக்கொடுத்தால் நோய்ப்படுவதும், வளர்ப்பவன் இருக்கிறானா போய்விட்டானா என்ற விஷயத்தில் கடுகளவும் சிரத்தை காட்டாததுமான ஒரு ஜீவனை, வருமானத்தில் கணிசமான பாகத்தைச் செலவிட்டு, வரவேற்பறையில் வைத்துப் போஷிக்கிற ஒரு கூட்டம் உலகில் உண்டு. கல் பவளம் வளர்ப்போர் என்று அவர்களுக்குப் பெயர். தெற்கு லண்டனில் வசிக்கும் அடியேனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

அடியேன் பிறந்த ஊர் தூத்துக்குடி என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரப்போகும் வரவு செலவுக் கணக்குகளுக்கு அது அவசியமாகிறது. என் பால்யத்தில் அந்த ஊரில் மூன்று பொருள்களை யாரும் பொருளாகவே மதித்ததில்லை. ஒன்று உப்பு: சாலையின் இரு மருங்கிலும் அம்பாரம் அம்பாரமாக வெளுத்துக் கிடக்கும். இரண்டாவது சுண்ணாம்பு: ஊர்ப்புறத்துக் காளவாய்கள் புகைந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, அந்தக் காளவாய்களின் வயிற்றை நிரப்புவதற்கும் ஏழை எளியவர் வீட்டுச் சுவர்களை எழுப்புவதற்கும் கரைக்கு எதிரேயுள்ள தீவுகளிலிருந்து வள்ளம் வள்ளமாக வந்திறங்கிய பவளக்கல். இம்மூன்றும் காலில் தட்டுப்பட்ட ஊரை விட்டு, கடல் கடந்து, குளிரில் குடியேறி, இன்று இம்மூன்றையும் பவுண்டு கொடுத்துச் சிறு சிறு பொட்டலங்களாகவும் வாளிகளாகவும் வாங்கிக்கொண்டிருக்கிற ஒருவனுடைய பொருளாதார ஞானத்தைப் பற்றி வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி அதை ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

கல் பவளம் என்பது என்ன என்று விருந்தினர் கேட்கும்போது மூன்று விடைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கடம் என்னவெனில், மூன்றும் உண்மை. அது ஒரு பிராணி. ஒரு பிராணிகூட அல்ல, வாயும் அதைச் சுற்றி ஆறின் மடங்கில் அமைந்த கைகளும் கொண்ட நூற்றுக்கணக்கான சிறு பிராணிகள், ஒரே தோலால் இணைந்து வாழும் கூட்டுக் குடும்பம். அதன் சதைக்குள்ளே ஓரணுப் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருந்து, வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை சமைத்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன என்பதால் அது பாதி தாவரம். தன் காலடியில் சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் படிய வைத்து, அதன்மேல் அமர்ந்து, மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போவதால் அது கல். மாதர் கழுத்தில் அணியும் சிவப்புப் பவளம் இதற்குத் தூரத்து உறவுதான். மத்தியதரைக் கடலில் விளையும் அந்தக் குலத்துக்கு எட்டுக் கைகள். நவரத்தினத்தில் அதற்கு இடம் உண்டு, இதற்குக் கிடையாது. ஆனால் விலையில் இது அதற்குச் சளைத்ததல்ல.

இந்த மூன்று விடைகளையும் கேட்டு விருந்தினர் சிரிப்பார்களேயானால் நான் மனந்தளர்வதில்லை; மேதாவிகளே சிரித்திருக்கிறார்கள். மார்ஸேல் நகரத்து வைத்தியரான பெய்ஸொனெல் என்பவர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், பவளத்தின் பூக்கள் என்று அன்றைய சாஸ்திரிகள் கருதியவை பூக்களே அல்ல, பிராணிகள் என்று கண்டு, பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதி அனுப்பினார். அதைச் சபையில் எடுத்துரைத்த ரேயோமூர் என்ற பேரறிஞர், இப்படியொரு அபத்தத்தைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால் அந்த மனிதருக்கு ஊரில் மரியாதை இராது என்று பரிதாபப்பட்டு, பெய்ஸொனெலின் பெயரைச் சொல்லாமலே விட்டுவிட்டார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழிந்து, வேறு ஆராய்ச்சிகளின் பயனாக, வைத்தியர் சொன்னதே சரி என்று அதே ரேயோமூர் ஒப்புக்கொண்டார். பிறர் மானத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தினால் உண்மைக்கு நேர்ந்த தாமதம் அவ்வளவு. ஆகையால், வரவேற்பறையில் கல்லுக்குத் தீனி போடுகிறான் என்று என்னைப் பற்றி யாரும் வெளியில் சொல்லாமல் மறைத்தால், அவர்களும் ரேயோமூரைப் போன்ற கனவான்களே என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி, தேர்ந்தெடுக்கும் சாஸ்திரத்துக்கு வருவோம். வளர்ப்போர் கல் பவளங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்திருக்கிறார்கள்; இந்தப் பிரிவினைக்கு உயிரியலில் ஆதாரம் சொற்பம், வளர்ப்போரின் பணப்பையில் ஆதாரம் நிரம்ப உண்டு. 'எல்.பி.எஸ்.' என்று அழைக்கப்படுபவை பெரிய வாயும் தடித்த சதையும் உள்ளவை. டார்ச், ஹாமர் என்ற செல்லப் பெயர்களால் வழங்கும் யூஃபில்லியா இனங்களும், மிட்டாய்க் குச்சிகளைச் சேர்த்துக் கட்டியதொத்த கோலாஸ்ட்ரியாவும் இதில் அடங்கும். மிதமான வெளிச்சம், மெல்லிய நீரோட்டம், எப்போதாவது ஒரு துண்டு இறால், இவை இருந்தால் திருப்தியடைந்துவிடும் சாது ஜன்மங்கள். 'எஸ்.பி.எஸ்.' என்பவை ஊசிமுனை வாய்களும் மெல்லிய தோலும் கொண்டவை. அக்ரோபோரா இவற்றின் மகாராணி. ஒளியளவு மானியில் 50 முதல் 150 வரை காட்டினால் முன்னவை பிழைத்துக்கொள்ளும். அக்ரோபோராவுக்கோ 250க்குக் குறையாமல் வேண்டும், நீரோ நாலா திசையிலிருந்தும் மாறி மாறி வந்து அறைய வேண்டும், அந்த நீரின் குணமோ அணுவளவும் மாறக்கூடாது. புதியவர்களுக்குப் பெரியவர்கள் எல்.பி.எஸ். வாங்கும்படி உபதேசிக்கிறார்கள். புதியவர்கள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, நேரே போய் அக்ரோபோரா வாங்குகிறார்கள்.

கடைக்குள் நுழைந்தவுடன் வாசகர் கவனிக்க வேண்டிய முதல் விஷயம், அங்கே பவளம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது. தெரிவது நீல வெளிச்சம். அந்த நீலத்தில் பவளத்தின் சதையிலுள்ள சில நிறமிகள் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தாமே ஒளிவீசத் தொடங்கும். கடைக்காரருடைய பல்லும் ஒளிவீசும். அப்போது நிதானத்தைக் கைவிடாமல், ஒரு நிமிஷம் வெள்ளை விளக்கைப் போட முடியுமா என்று கேட்க வேண்டும். நல்ல வியாபாரி போடுவார். மற்றவர் சுவிட்ச் பழுது என்பார். வெள்ளை வெளிச்சத்தில் அந்த இந்திரஜாலம் கலைந்து, பழுப்பான ஒரு சிறு குச்சி நிற்கக் கண்டால், வாசகர் ஏமாற்றமடையாமல் சந்தோஷப்பட வேண்டும். பழுப்பு, உள்ளே குடியிருக்கும் பாசியின் நிறம். அது நிறைந்திருந்தால் பவளம் பசியின்றி இருக்கிறது என்று பொருள். மிக வெளிறிய ரோஜாவும் இளநீலமுமாக மின்னுகிற துண்டு, பல சமயங்களில், பாசியை இழந்து பட்டினியின் விளிம்பில் நிற்பது. ஆரோக்கியமான பழுப்புப் பவளத்தை வாங்கி வந்து, உணவைக் குறைத்து, ஒளியை ஏற்றி, அது மயங்கி விழாத அளவுக்கு மட்டும் பட்டினி போட்டு ஊதா நிறமாக்குவதே இந்தக் கலையின் சிகரம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். பட்டினியால் வரும் அழகுக்கு மனித சமூகத்தில் இருக்கும் மதிப்பைப் பார்த்தால், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது அடிப்பாகம். வெட்டிய துண்டுகளை ஒரு சிறு பீங்கான் வட்டின்மேல் பசைவைத்து ஒட்டி விற்கிறார்கள். பவளத்தின் சதை அந்த வட்டின்மேல் வழிந்து பரவிப் பிடித்திருந்தால், அது மாதக்கணக்கில் அங்கேயே தரித்து வளர்ந்தது என்று நிச்சயிக்கலாம். நேற்று வெட்டி இன்று ஒட்டியதற்கு அந்தப் பிடிமானம் இராது. நுனி வெளுத்திருந்தால் வளர்ச்சி. அடி வெளுத்து எலும்பு தெரிந்தால் சாவு. இவ்வளவே ரகசியம். ஆனால் வியாபாரத்தில் இந்த லக்ஷணங்களுக்கு விலை கிடையாது, பெயருக்குத்தான் விலை. 'வால்ட் டிஸ்னி' என்று ஒரு அக்ரோபோரா, 'ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக்' என்று இன்னொன்று. குடும்பத்தைக் கெடுப்பவள் என்று பொருள்படும் 'ஹோம் ரெக்கர்' என்ற பெயரையே ஒன்றுக்குச் சூட்டி, கட்டைவிரல் நகத்தளவு துண்டைக் குடும்பஸ்தர்களுக்கே விற்கிறார்கள். வாணிபத்தில் இவ்வளவு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வாங்கி வந்த துண்டை நேரே தொட்டியில் விடலாகாது. அக்ரோபோராவின் சதையை மட்டுமே தின்று, அதன் நிறத்தையே தானும் பூண்டு, அதன்மேலேயே ஒட்டிக்கொண்டு, கண்ணில் படாமல் வாழும் தட்டைப் புழு ஒன்று உண்டு. அதை உதிர்க்க அயோடின் முதலிய மருந்துநீரில் துண்டை முழுக்காட்டி அலச வேண்டும். புழு விழும், அதன் முட்டை விழாது. ஆகவே முட்டை பொரிந்து வெளிப்படும் காலம் கடக்கும் வரையில், சில வாரங்கள், அதைத் தனித்தொட்டியில் ஒதுக்கி வைத்து, மீண்டும் மீண்டும் முழுக்காட்டி, பிறகே குலத்தோடு சேர்க்க வேண்டும். இந்தச் சடங்குகளை நான் ஒன்றுவிடாமல் அனுஷ்டிப்பதைக் கண்ட என் மனைவி, "என்னங்க, வெளியில போயிட்டு வந்தா கால் கழுவிட்டு உள்ள வாங்கன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன், கல்லுக்கு மட்டும் இவ்வளவு ஆசாரமா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானது, ஆனால் விஞ்ஞானத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது தண்ணீர். உண்மையைச் சொல்லப்போனால் கல் பவளம் வளர்ப்பவன் பவளத்தை வளர்ப்பதில்லை. தண்ணீரை வளர்க்கிறான், பவளம் அந்தத் தண்ணீரில் தானே வளர்கிறது. லண்டன் குழாய்நீர் சுண்ணாம்புப் பாறைகளுக்கிடையே ஊறி வருவது. கெண்டிக்குள் ஒரே மாதத்தில் வெள்ளைப் பாறை கட்டிவிடும். பவளத்துக்கு வேண்டியதோ சுண்ணாம்பு. ஆகையால் குழாயைத் திறந்துவிட்டால் போதுமே என்று விஷயமறியாதவர்கள் நினைக்கக்கூடும். ஆனால் அந்த நீரில் பழைய ஈயக் குழாய்களின் ஈயம் கரைந்து மனிதர் வயிற்றுக்குள் போய்விடாதிருக்கும்பொருட்டுப் பாஸ்பேட்டும் கலந்திருக்கிறது. மனிதனைக் காக்கிற அந்தப் பாஸ்பேட் பவளத்தின் எலும்பு வளர்ச்சியைத் தடுத்து, வேண்டாத பாசியை வளர்க்கும். எனவே ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை வாங்கி, அதன் சவ்வின் வழியே குழாய்நீரைப் பிழிந்து, மிஞ்சியதையும் பிசின்மணிகளில் உறிஞ்சவைத்து, சுண்ணாம்பு உள்பட எல்லாவற்றையும் நீக்கி, ஒன்றுமேயில்லாத சுத்த சூனியமான நீரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, நீக்கிய சுண்ணாம்பைக் கடையில் விலைக்கு வாங்கிச் சேர்க்க வேண்டும்.

உப்பின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. தூத்துக்குடிக்காரன் லண்டனில் உப்பு வாங்குவது எறும்புக்குச் சர்க்கரை விற்கும் கதையாயிற்றே என்று ஊர் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சமையல் உப்பு இதற்கு உதவாது என்பதை அவர்களுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைக்கும்போது, சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்னதாகவே படிந்து நின்றுவிடுகின்றன. மெக்னீஷியம் கடைசிப் பாத்தியின் கசப்பு நீரில் தங்கி, உப்பு வாரியபின் வீணாக வெளியேறுகிறது. நடுவில் விளைவதே நாம் உண்ணும் உப்பு. பவளத்துக்கோ நாம் கழித்துவிட்ட அந்த முன்னதும் பின்னதும்தான் முக்கியம். ஆகவே கழித்தவற்றையெல்லாம் ரசாயனச் சாலையில் மீண்டும் கூட்டி, வண்ண வாளியில் அடைத்து, 'செம்மையான கடல்' என்ற தோரணையில் விற்கிறார்கள். அதை வாங்கி, லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்து, 25 டிகிரி சூட்டில் அடர்த்தி 1.026 வருகிறதா என்று கண்ணாடிக் கருவியால் பார்க்கிறேன்.

அதோடு முடிந்ததா என்றால், அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கால்ஸியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீஷியம் 1,300, காரத்தன்மை 8 டிகிரி: இவை அக்ரோபோராவின் உலகத்துக்குத் தூண்கள். பவளம் எலும்பு கட்டக் கட்ட, 20 மில்லிகிராம் கால்ஸியத்துக்கு 2.8 டிகிரி காரத்தன்மை என்ற மாறாத விகிதத்தில் இரண்டும் நீரிலிருந்து குறைந்துகொண்டே போகும். குறைந்ததை நாம் நாள்தோறும் ஈடுகட்ட வேண்டும். பவளம் பெரிதாக ஆக அதன் தேவையும் பெரிதாகும். அதாவது, வெற்றி பெற்றவனுக்குத் தண்டனை அதிகம். இதற்கு மிகப் பழைய உபாயம் சுண்ணாம்புத் தெளிநீர். நீற்றின சுண்ணாம்பைச் சுத்த நீரில் கலக்கி, தெளியவிட்டு, தெளிவை மட்டும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழவைப்பது. இரவில் பாசிகள் உறங்கி, நீரில் புளிப்பு ஏறும் வேளையில், காரமான அந்தத் தெளிவு அதைச் சமன் செய்கிறது. 1970களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதி இம்முறையைப் பிரசித்தமாக்கினார். அவர் எழுதியதைப் படித்தபோது, எங்கள் ஆச்சியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்த கரண்டகம் என் நினைவுக்கு வந்தது. அதிலிருந்ததும் இதே சரக்குத்தான். ஆச்சி அதை ஒரு விரல்நுனியால் அளந்தாள். நான் கணிப்பொறியோடு இணைத்த பம்ப்பினால் அளக்கிறேன்.

இந்த எண்களில் எது உத்தமமானது என்பது பற்றி நிபுணர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். 7 டிகிரி என்பார் ஒருவர், 9 என்பார் மற்றவர். நீண்டகாலம் வளர்த்தவர்கள் மட்டும் மௌனமாயிருப்பார்கள். ஏனெனில் 7ம் சரி, 9ம் சரி, இன்று 7ம் நாளை 9ம் தான் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுச் சம்பந்திகளோடு பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காப்பி எப்படியிருந்தது என்றால் நன்றாயிருந்தது என்பார்கள். ஜமக்காளம் போதுமா என்றால் போதும் என்பார்கள். முகம் சற்றே சுருங்கியதை நீங்கள் கவனித்திருந்தால் உண்டு, இல்லையானால் மறுநாள் விடியுமுன் மூட்டைகட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார்கள். அக்ரோபோராவும் புகார் சொல்வதில்லை. ஒருநாள் அதன் மொட்டுக் கைகள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஒரே இரவில் அடியிலிருந்து நுனிவரை சதை முழுதும் உரிந்து, விடிந்தால் வெள்ளை எலும்பு நிற்கிறது. என்ன குறை வைத்தோம் என்பதை நாம்தான் ஆயுள் முழுவதும் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. நாள்தோறும் ஜன்னல் திரைச்சீலையின் இடுக்கில் ஊதாநீல வெளிச்சம் கசிவதையும், வீட்டுக்காரன் அவ்வப்போது வாளிகளோடும் வெள்ளைப் பொடிகளோடும் உள்ளே நுழைவதையும், எடைபோடும் சிறு தராசு ஒன்று மேசைமேல் இருப்பதையும் பல வாரம் அவதானித்த அந்தக் கனவான், ஒருநாள் மிகுந்த நாசூக்கோடு, "தாங்கள் ஏதோ செடி வளர்ப்பதாகத் தெரிகிறது" என்றார். கஞ்சாவைத்தான் குறிப்பிடுகிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. "செடியல்ல, கல்" என்றேன். அவருடைய முகத்தில் அதுவரை இருந்த சந்தேகம் மறைந்து, கவலை குடிகொண்டது.

பவளத் தொட்டியை முதன்முறை காண்பவர்கள், "ஆஹா, என்ன அமைதி!" என்று சொல்லாமல் போவதில்லை. அந்த அமைதி, விளக்கு அணையும் வரையில்தான். இருட்டியபின் கலாக்ஸியா என்னும் பவளம், பகலில் அரையங்குலமாயிருந்த தன் கைகளில் சிலவற்றை ஒரு சாண் நீளத்துக்கு நீட்டி, நீரோட்டத்தில் துழாவி, பக்கத்திலிருப்பவரைத் தேடிப் பிடித்துக் கொட்டுகிறது. யூஃபில்லியாவும் அதற்கு இளைத்ததல்ல. சில ஜாதிகள் தம் குடலையே வெளியில் தள்ளி, எல்லை தாண்டிய அயலானை இருந்த இடத்திலேயே ஜீரணித்துவிடுகின்றன. இடம்விட்டு நகர முடியாத பிராணிகளுக்கு எல்லைத் தகராறு ஒன்றே வாழ்க்கை. ஆகவே வாங்கும்போது துண்டின் அளவைப் பார்த்து இடம் ஒதுக்காமல், அதன் இரவு நேரத்து ஆசைகளைக் கணக்கிட்டு இடைவெளி விட வேண்டும். வரப்புச் சண்டையை நேரில் கண்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த அம்சம் எளிதில் பிடிபட்டுவிடுகிறது.

சென்ற கோடையில் தூத்துக்குடியிலிருந்து என் தாய்மாமன் வந்திருந்தார். வாலிப வயதில் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் கணக்கெழுதியவர். தொட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னந்தலையில் கோத்து, வெகுநேரம் பார்த்தார்.

"மருமகனே, இது நம்ம தீவுக் கல்லுல்லா?"

"அதே வகைதான், மாமா. ஆனால் இது உயிரோடு இருக்கிறது."

"நாங்க வாரும்போதும் உயிரோடதாம்ல இருந்துச்சு. என்ன விலை?"

"இந்தத் துண்டு 50 பவுண்டு."

நம் ரூபாயில் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. மனக்கணக்கில் அவர் கெட்டிக்காரர். அவருடைய உதடுகள் சற்று அசைந்து நின்றன. பிறகு தெளிநீர் சொட்டுகிற குழாயைக் காட்டி அது என்ன என்றார். சொன்னேன்.

"சுண்ணாம்பு வேணும்னு நாங்க கல்லை எரிச்சோம். கல்லு வேணும்னு நீ சுண்ணாம்பை ஊத்துற. இதுல லாபம் எந்தப் பக்கம்ல?"

கணக்கெழுதியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நஷ்டம் எந்தப் பக்கம் என்பதை மன்னார் வளைகுடா எழுதி வைத்திருக்கிறது. அங்கே 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அலையைத் தடுத்து நின்ற பவளக்கல்லைப் பல்லாண்டுகள் பெயர்த்தெடுத்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் கல் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடும் யானையோடும் ஒரே பந்தியில் உட்கார வைக்கப்பட்டன. மாமாவிடம் இதைச் சொன்னேன். "புலியை ஒருத்தனும் சூளையில போட்டதில்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு இயந்திரங்களும் இல்லாமல் பவளம் வளர்க்க முடியாதா என்று வாசகர் கேட்கலாம். வளர்த்தவர் இருந்தார். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடல்நீரும், உயிர்கள் ஒட்டிய பாறைத் துண்டுகளும், சூரிய வெளிச்சமும், சில காற்றுக் குமிழிகளும் மட்டும் வைத்துக்கொண்டு பவளங்களை வளர்த்து, 1961இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அந்த முறையை எழுதினார். அவருக்கு வாசலில் கடலும் தலைக்குமேல் வெயிலும் இருந்தன. லண்டன்வாசிக்கு இரண்டும் இல்லை. இரண்டையும் மின்சாரக் கம்பெனியிடமிருந்து மாதத் தவணையில் வாங்க வேண்டியிருக்கிறது. அதே லண்டனில், என் வீட்டுக்குச் சற்றுத் தூரத்திலுள்ள ஹார்னிமன் மியூசியத்தில், கடலின் பருவச் சூட்டையும் பகலின் நீளத்தையும் சந்திரனின் வளர்பிறை தேய்பிறையையும் விளக்குகளால் பொய்யாகச் சிருஷ்டித்து, பௌர்ணமி கழித்துக் குறிப்பிட்ட இரவில் அக்ரோபோராக்களைக் கருவணுக்கள் பொழியவே வைத்துவிட்டார்கள். சூரிய சந்திரர்களை நிலவறைக்குள் நடத்திக் காட்டிய அவர்களுடைய பஞ்சாங்கத்தின் முன்னால், என் பம்ப்புகள் வெறும் குழந்தை விளையாட்டு.

வீட்டில் பம்ப்புகளுக்கு அந்த மதிப்பும் கிடையாது. ஒரு மாலை, சோதனைக் குப்பியில் நீர் இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறும் அந்தக் கடைசிச் சொட்டுக்காக நான் மூச்சையடக்கிக் காத்திருந்தபோது, மனைவி அருகில் வந்து நின்றாள். "தண்ணியில சுண்ணாம்பு எவ்வளவு இருக்குன்னு தினமும் பார்க்குறீங்க. உங்க ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு கடைசியா எப்பங்க பார்த்தீங்க?" என்றாள். அக்ரோபோராவுக்காகச் சூடு அரை டிகிரி ஏறாமல் காக்கிறவன், அகாலத்தில் சாப்பிட்டு, அகாலத்தில் தூங்கி, தன் தேகத்துக்குள் இருக்கும் உப்புநீரைப் பற்றி ஒரு நாளும் விசாரித்ததில்லை என்பது அவள் கட்சி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பவளத்தினுடையதை நான் எழுதுகிறேன். என்னுடையதை அவள் எழுதுகிறாள். இரண்டிலும் எண்கள் இப்போது ஓரளவு நிலைத்திருக்கின்றன.

கல் பவளத்தினால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: அது நமக்கு அன்பு செலுத்தாது, ஆனால் நம்மை ஒழுங்குபடுத்தும். வளர்க்க விரும்புவோர் முதலில் ஆறு மாதம் வெறும் உப்புநீரையும் பாறையையும் வளர்த்துப் பார்க்கட்டும்; ஆறு மாதமும் அந்த நீர் மாறாதிருந்தால் கடைக்குப் போகட்டும். அங்கே கடலிலிருந்து பெயர்த்து வந்த பெரிய குலையை விட்டுவிட்டு, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த சிறு துண்டை, அது பழுப்பாயிருந்தாலும், வாங்கட்டும். அது கிளைவிட்டதும் முதல் கிளையை வெட்டி ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட வேண்டும். நம் வீட்டில் மின்சாரம் நின்று எல்லாம் மடிந்தாலும் அவர் வீட்டிலிருந்து திரும்பக் கேட்கலாம். கொடுத்து வைத்ததே மிஞ்சும் என்பது இந்தச் சொத்தில் உபதேசமல்ல, அனுபவ விதி. இந்தியாவிலிருக்கும் வாசகர்கள் மட்டும் இவற்றில் ஒன்றையும் செய்ய வேண்டாம்: அங்கே கல் பவளத்தை எடுப்பதும் வாங்குவதும் விற்பதும் சிறைவாசத்துக்குரிய குற்றம். மன்னார் வளைகுடாவில் அதற்கு நீரும் உப்பும் வெயிலும் இனாமாகவே கிடைக்கின்றன; நம்முடைய உதவி அங்கே அதைத் தொடாமலிருப்பது ஒன்றுதான்.